விண்ணில் வைத்த செவிகள்

1937ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் காலை. பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவுலண்டு என்றொரு சின்னஞ்சிறு தீவு. நீளம் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர். அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதன் அருகே 'இட்டாஸ்கா' என்னும் அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பல் ஒரு விமானத்தை எதிர்நோக்கிக் காத்து நின்றது. வரவேண்டியவர் அமெலியா இயர்ஹார்ட். அட்லாண்டிக் கடலைத் தன்னந்தனியே விமானத்தில் கடந்த முதல் பெண்மணி என்று 1932ஆம் ஆண்டிலேயே உலகப் புகழ் பெற்றவர். இப்போது உலகைச் சுற்றிவரும் முயற்சியில், வழிகாட்டி பிரெட் நூனனுடன், நியூகினியாவின் லே நகரிலிருந்து சுமார் 4,100 கி.மீ. பறந்து அந்தத் தீவில் இறங்க வேண்டியிருந்தது.

கப்பலின் வானொலிக் கருவியில் அவர் குரல் நன்றாகவே கேட்டது. அருகில்தான் இருக்கிறார் என்று கப்பலில் இருந்தோர் எண்ணினர். ஆனால் இருபுறமும் தடையின்றிப் பேசிக்கொள்ள முடியவில்லை. குரல் எத்திசையிலிருந்து வருகிறது என்றும் கணிக்க முடியவில்லை. சற்று நேரத்தில் குரலும் நின்றது. கப்பல்களும் விமானங்களும் கடலைச் சல்லடையாகச் சலித்தும் அவரோ விமானமோ கிடைக்கவில்லை.

குரல் கேட்டது, இடம் தெரியவில்லை. மாணவியரே, நம் பாடம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மனித நடமாட்டமில்லாத கடல்வெளியில் பறக்கும் ஒரு விமானம் இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று தரையில் இருப்பவர் எப்படி அறிவது? செயற்கைக்கோள்கள் வானத்திலிருந்து பெரிய கண்களைப் போல விமானங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. செயற்கைக்கோள் விமானத்தைப் பார்ப்பதில்லை; விமானம் சொல்வதைக் கேட்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

ராடாரின் எல்லை

நிலத்தின் மேல் பறக்கும் விமானங்களை ராடார் காட்டுகிறது. சுழலும் ஏரியல் வானொலி அலைகளை வீசுகிறது. அவை விமானத்தின் மேல் பட்டுத் திரும்புகின்றன. திரும்பிவர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தொலைவு கணிக்கப்படுகிறது. மற்றொரு வகை ராடார், விமானத்திலுள்ள 'டிரான்ஸ்பாண்டர்' என்னும் மறுமொழிக் கருவியிடம் கேள்வி கேட்டு, அதன் அடையாளத்தையும் உயரத்தையும் பதிலாகப் பெறுகிறது.

ஆனால் இந்த அலைகள் நேர்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டை. தொடுவானத்துக்கு அப்பால் விமானம் இறங்கிவிட்டால் ராடாருக்கு அது இல்லாததே ஆகும். இந்த எல்லை எவ்வளவு தூரம்? நீங்களே கணக்கிடலாம். பூமியின் ஆரம் 6,400 கி.மீ. என்றும், விமானத்தின் உயரம் 10 கி.மீ. என்றும் கொள்வோம். பூமியின் மையம், ராடார் நிலையம், விமானம் ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். பிதாகரஸ் தேற்றப்படி, தொலைவின் வர்க்கம் = 6,410இன் வர்க்கம் – 6,400இன் வர்க்கம் = 1,28,100. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 358. காற்று மண்டலம் அலைகளைச் சிறிது வளைப்பதால் நடைமுறையில் 400 கி.மீ.க்குச் சற்று மேல் வரை எட்டும். அவ்வளவுதான்.

கனடாவின் நியூபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்து வரை அட்லாண்டிக் கடலின் அகலம் சுமார் 3,000 கி.மீ. இரு கரைகளிலும் எவ்வளவு சிறந்த ராடாரை நிறுவினாலும், நடுவே 2,000 கி.மீ.க்கும் மேலான வெளி இருளாகவே இருக்கும். பசிபிக்கிலும் இந்துமாக்கடலிலும் வடதுருவப் பகுதியிலும் இவ்விருள் இன்னும் பெரிது.

பத்துப் பாகைக்கு ஒரு குரல்

இந்த இருளை மனிதர் பல்லாண்டுகளாகக் குரலால் கடந்தனர். வடஅட்லாண்டிக் வான்வெளியின் முக்கியப் பகுதி இரு நிலையங்களின் பொறுப்பில் உள்ளது. மேற்குப் பாதிக்குக் கனடாவின் காண்டர். கிழக்குப் பாதிக்கு 'ஷான்விக்'. அதன் கட்டுப்பாட்டாளர்கள் ஸ்காட்லாந்தின் பிரஸ்ட்விக்கிலும், வானொலி நிலையம் அயர்லாந்தின் பாலிகிரீனிலும் உள்ளன. விமானி தீர்க்கரேகையில் பத்துப் பாகைக்கு ஒரு முறை தம் இடம், நேரம், உயரம், அடுத்து அடையும் இடம், அதை அடையும் நேரம் ஆகியவற்றை உயர் அதிர்வெண் வானொலியில் சொல்ல வேண்டும். வானொலி நிலையத்தார் அதைக் குறித்துக் கட்டுப்பாட்டாளருக்கு அனுப்புவர்.

இவ்வலைகள் வானின் உச்சியிலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, தொடுவானத்தைத் தாண்டியும் சென்று சேரும். அது நன்மை. ஆனால் மின்னலும் சூரியனின் கொந்தளிப்பும் அவற்றைக் கரகரப்பில் மூழ்கடித்துவிடும். மணிக்கணக்கில் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்க இயலாது என்பதால், ஒவ்வொரு விமானத்துக்கும் தனி மணியோசைக் குறி ஒன்று வழங்கப்பட்டது. தமக்குரிய மணி அடித்தால் மட்டும் விமானி பேசினால் போதும்.

50ஆம் அட்சரேகையில் பத்துப் பாகை என்பது சுமார் 715 கி.மீ. நிமிடத்துக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்லும் ஜெட் விமானம் அதைக் கடக்க முக்கால் மணிக்குச் சற்று மேலாகும். அதுவரை தரையில் இருப்பவருக்குத் தெரிவது விமானி சொன்ன சொல் மட்டுமே. ஆகவே விமானங்களுக்கிடையே பெரிய இடைவெளி விடப்பட்டது. ஒன்றன்பின் ஒன்றாகச் செல்பவற்றுக்கு 10 நிமிடம், அதாவது 150 கி.மீ.; பக்கவாட்டில் நெடுங்காலம் 60 கடல் மைல், அதாவது 111 கி.மீ. கண் தெரியாதவர் நடக்கும்போது கையை நீட்டி இடம் விட்டு நடப்பது போன்ற முன்னெச்சரிக்கை அது.

வட்டத்தின் பரப்பு

விமானம் தன் இடத்தை எத்தனை நேரத்துக்கு ஒரு முறை தெரிவிக்கிறது என்பதில் என்ன இருக்கிறது? உயிர்களே இருக்கின்றன. கடைசிச் செய்திக்குப் பின் விமானம் விபத்துக்குள்ளானால், அடுத்த செய்தி வரவேண்டிய நேரத்துக்குள் அது எத்திசையிலும் சென்றிருக்கலாம். தேடவேண்டிய இடம் ஒரு வட்டம். நிமிடத்துக்கு 15 கி.மீ. என்ற வேகத்தைக் கொண்டு அதன் பரப்பைக் கணக்கிட்டால் கிடைப்பது இது:

48 நிமிடத்துக்கு ஒரு செய்தி – ஆரம் 720 கி.மீ. – பரப்பு சுமார் 16,28,000 சதுர கி.மீ.
15 நிமிடத்துக்கு ஒரு செய்தி – ஆரம் 225 கி.மீ. – பரப்பு சுமார் 1,59,000 சதுர கி.மீ.
1 நிமிடத்துக்கு ஒரு செய்தி – ஆரம் 15 கி.மீ. – பரப்பு சுமார் 707 சதுர கி.மீ.
8 வினாடிக்கு ஒரு செய்தி – ஆரம் 2 கி.மீ. – பரப்பு சுமார் 12½ சதுர கி.மீ.

ஆரம் பாதியானால் பரப்பு கால் பங்காகும் என்று கணக்கு வகுப்பில் படிக்கிறோம். அந்தப் பாடத்தின் பொருள் கடலில் மிதந்துகொண்டு உதவிக்காகக் காத்திருக்கும் ஒருவருக்குத்தான் முழுமையாகப் புரியும்.

செயற்கைக்கோள் வழியே கடிதம்

பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமி தன்னைத்தான் சுற்றும் அதே நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடிப்பதால், ஒரே இடத்தில் நிற்பதாகவே நமக்குத் தோன்றும். இத்தகைய புவிநிலைச் செயற்கைக்கோள்கள் விமானத்துக்கும் தரைக்கும் இடையே அஞ்சல்காரராகப் பணிபுரியத் தொடங்கின. 1995ஆம் ஆண்டில் தென் பசிபிக்கில் போயிங் 747-400 விமானங்களில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. விமானத்தின் கணிப்பொறி தரைநிலையத்துடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, குறித்த இடைவெளியில் தன் இடத்தைத் தானே எழுதி அனுப்பும். கட்டுப்பாட்டாளரும் விமானியும் எழுத்து வடிவில் செய்தி பரிமாறிக்கொள்ளலாம். கரகரப்பும் இல்லை, தவறாகக் காதில் விழுதலும் இல்லை.

எனினும் செய்திக்குச் செய்தி 10 முதல் 15 நிமிடம் வரை இடைவெளி இருந்தது. அந்த இடைவெளிக்குள் என்ன நிகழக்கூடும் என்பதை உலகம் இரு பெருந்துயரங்களால் கற்றுக்கொண்டது.

நான்கு நிமிடமும் இரண்டு ஆண்டும்

2009 ஜூன் 1ஆம் நாள் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் 447 என்னும் ஏர்பஸ் ஏ-330 விமானம் நடு அட்லாண்டிக்கில் விழுந்தது. அதிலிருந்த 228 பேரும் மாண்டனர். பழுதுகளைப் பற்றிய 24 தானியங்கிச் செய்திகளைச் சில நிமிடங்களில் செயற்கைக்கோள் வழியே அவ்விமானம் அனுப்பியிருந்தது. அதன் இடத்தைக் குறித்த கடைசிச் செய்தி உலகப் பொது நேரப்படி 2 மணி 10 நிமிடத்துக்குக் கிடைத்தது. விமானம் கடலில் விழுந்தது 2 மணி 14 நிமிடத்துக்கு.

வெறும் நான்கு நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கடைசி இடத்தைச் சுற்றி 40 கடல் மைல் ஆரமுள்ள வட்டத்தைத் தேடவேண்டி வந்தது. அதன் பரப்பு 17,000 சதுர கி.மீ.க்கு மேல். அடியில் கடல்மலைகள். விமானத்தின் சிதைவும் கறுப்புப் பெட்டிகளும் கிடந்த இடம் 2011 ஏப்ரலில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆழம் சுமார் 3,900 மீட்டர். கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து அது ஏறக்குறைய 12 கி.மீ. தூரத்தில்தான் இருந்தது. கறுப்புப் பெட்டி கிடைத்த பிறகே, வேகமானிக் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்ததும், அதன்பின் விமானம் நிலைகுலைந்ததும் தெளிவாயின. காரணம் தெரிந்தால்தான் அடுத்த விபத்தைத் தடுக்க முடியும். இறந்தவர் கிடந்த இடம் தெரிவது இருப்பவரின் பாதுகாப்புக்கும் வழி செய்கிறது.

மணிக்கொரு முறை ஒரு தட்டல்

இரண்டாவது துயரம் 2014 மார்ச் 8ஆம் நாள் நிகழ்ந்தது. கோலாலம்பூரிலிருந்து பீகிங்குக்கு 239 பேருடன் புறப்பட்ட மலேசிய ஏர்லைன்சின் எம்.எச். 370 விமானத்தின் டிரான்ஸ்பாண்டர், புறப்பட்டு ஒரு மணி நேரம் ஆகுமுன் மௌனமாயிற்று. அது திசை மாறி மேற்கே சென்றதை இராணுவ ராடார் கண்டது. பிறகு அதன் எல்லையையும் கடந்தது. அதன்பின் ராடார் இல்லை, குரல் இல்லை, இடத்தைச் சொல்லும் செய்தியும் இல்லை.

ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. இந்துமாக்கடலுக்கு மேலே நிற்கும் இன்மார்சாட் செயற்கைக்கோளின் தரைநிலையம், ஒரு மணி நேரமாக ஓசையே இல்லாத விமானத்தை 'இருக்கிறாயா?' என்று கேட்கும். விமானத்தின் கருவி 'இருக்கிறேன்' என்று பதில் தரும். கதவைத் தட்டுவதும் உள்ளிருந்து குரல் கொடுப்பதும் போன்றது இது. அந்தப் பதிலில் இடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனாலும் பொறியியலாளர் அதிலிருந்து இரண்டு உண்மைகளைப் பிழிந்தெடுத்தனர்.

முதலாவது, நேரம். வானொலி அலை வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. செல்லும். பதில் வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து செயற்கைக்கோளுக்கும் விமானத்துக்கும் உள்ள தூரம் கிடைத்தது. ஒரு புள்ளியிலிருந்து தூரம் மட்டும் தெரிந்தால் கவராயத்தால் என்ன வரைய முடியும்? வட்டம்தான். அவ்வாறு பூமியின் மேல் ஏழு வில்கள் வரையப்பட்டன. ஏழாவது வில், காலை 8 மணி 19 நிமிடத்துக்குரியது. விமானத்திலிருந்து வந்த கடைசிக் குறி அதுவே.

இரண்டாவது, அலையின் அதிர்வெண். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், விலகிச் செல்லும் ரயிலின் ஊதல் கனமாகவும் கேட்பதை டாப்ளர் விளைவு என்று இயற்பியலில் படிக்கிறோம். வானொலி அலைக்கும் அது பொருந்தும். அந்தச் செயற்கைக்கோள் சற்றுப் பழையது. தன் இடத்தில் அசையாது நில்லாமல் வடக்கும் தெற்குமாகச் சிறிது ஊசலாடிக்கொண்டிருந்தது. அந்த ஊசலாட்டமே இங்கு உதவியாயிற்று. விமானம் வடக்கே சென்றதா, தெற்கே சென்றதா என்று அதிர்வெண்ணின் நுண்ணிய மாற்றத்தால் பிரித்தறிய முடிந்தது. தெற்கே, இந்துமாக்கடலின் தனிமையான பகுதிக்கு என்பது விடை.

1,20,000 சதுர கி.மீ. கடலடியை 2017 ஜனவரி வரை தேடினர். 2018இல் தனியார் நிறுவனம் ஒன்று மேலும் 1,12,000 சதுர கி.மீ.க்கு மேல் தேடியது. அத்தேடல்களில் விமானம் கிடைக்கவில்லை. 2015 ஜூலையில் ரீயூனியன் தீவின் கரையில் ஒதுங்கிய இறக்கைப் பகுதியும், பின்னர் ஆப்பிரிக்கக் கரையோரங்களில் கிடைத்த சில துண்டுகளுமே அதன் முடிவுக்குச் சாட்சியாயின. வில் என்பது கோடு. அந்தக் கோட்டின் எந்தப் புள்ளி என்று சொல்ல இன்னொரு அளவு வேண்டும். அது இல்லாமற் போயிற்று.

விமானமே கூவி அறிவிக்கும் முறை

இதற்குள் நிலத்தின் மேல் புதிய முறை ஒன்று பரவியிருந்தது. ஏ.டி.எஸ்.-பி. என்பது அதன் சுருக்கப் பெயர். விமானம் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களைக் கொண்டு தன் இடத்தைத் தானே கணிக்கிறது. பிறகு அந்த இடத்தையும், உயரம், வேகம், தன் அடையாள எண் ஆகியவற்றையும் வினாடிக்கு இரண்டு முறை வீதம், யாரும் கேளாமலே, 1,090 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிபரப்புகிறது. தெருவில் கூவிக்கொண்டே செல்லும் பூக்காரியை எண்ணிக்கொள்ளுங்கள். அவரைப் பார்க்காமலே, எந்தத் தெருவில் வருகிறார் என்று வீட்டுக்குள் இருப்பவர் சொல்லிவிடுவார் அல்லவா?

ஆனால் இந்தக் கூவலும் நேர்கோட்டில் செல்வதுதான். தரையில் உள்ள ஏரியலுக்கு முன்பு கணக்கிட்ட அதே எல்லைதான். கடலில் ஏரியல் நட முடியாது. அப்படியானால் ஏரியலை வானத்தில் நட்டால் என்ன? இந்த எண்ணமே பெரிய மாறுதலைக் கொண்டுவந்தது. 2013 மே மாதத்தில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 'புரோபா-வி' என்ற சிறு செயற்கைக்கோள், விமானங்களின் இந்த ஒலிபரப்பை விண்ணிலிருந்து கேட்க முடியும் என்று மெய்ப்பித்தது.

அதை முழுமையாகச் செயற்படுத்தியது 'இரிடியம்' என்னும் செயற்கைக்கோள் குழுவாகும். இப்பெயருக்கு ஒரு வேதியியல் கதை உண்டு. முதலில் 77 செயற்கைக்கோள்கள் செலுத்தத் திட்டமிட்டனர். இரிடியம் என்ற தனிமத்தின் அணு எண் 77. அணுவைச் சுற்றும் எலக்ட்ரான்களைப் போலப் பூமியைச் சுற்றும் 77 கோள்கள் என்று பெயர் வைத்தனர். பிறகு 66 போதும் என்று தெரிந்தபின்னும் பெயர் மாறவில்லை. இக்குழுவின் இரண்டாம் தலைமுறையாக 2017 ஜனவரி முதல் 2019 ஜனவரி வரை எட்டு ராக்கெட்டுகளில் 75 செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. 66 பணிக்கு, மற்றவை தேவைக்கென இருப்பில். ஒவ்வொன்றிலும் 'ஏரியான்' என்ற நிறுவனத்தின் ஏ.டி.எஸ்.-பி. கேட்புக்கருவி பொருத்தப்பட்டது.

இவை 780 கி.மீ. உயரத்தில் சுமார் 100 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியை வலம் வருகின்றன. பழைய முக்கோணத்தையே மீண்டும் போடுங்கள். 7,180இன் வர்க்கத்திலிருந்து 6,400இன் வர்க்கத்தைக் கழித்தால் 1,05,92,400. வர்க்கமூலம் ஏறத்தாழ 3,255 கி.மீ. தரை ஏரியலுக்கு 358. விண் ஏரியலுக்கு 3,255! அட்லாண்டிக்கின் அகலமே அதற்குள் அடங்கிவிடுகிறது. ஒன்று நகர்ந்து மறைவதற்குள் அடுத்தது வந்து பொறுப்பேற்கிறது. பூமியில் எந்த இடமும், இரு துருவங்கள் உட்பட, இவற்றின் செவிக்கு எட்டாததில்லை. ஒரு செயற்கைக்கோள் கேட்டதை அடுத்ததற்குச் சொல்லி, அது மற்றொன்றுக்குச் சொல்லி, இரண்டு வினாடிக்குள் தரைக்குச் செய்தி வந்துவிடுகிறது. சில நூறு வாட் ஆற்றலுள்ள விமானக் கருவியின் ஒலிபரப்பை அவ்வளவு தொலைவிலிருந்து, பல்லாயிரம் விமானங்களின் இரைச்சலுக்கிடையே பிரித்துக் கேட்பது சாதாரணச் செயலன்று.

விளைந்த பயன்

2019 ஏப்ரல் 2ஆம் நாள் காண்டரும் ஷான்விக்கும் வடஅட்லாண்டிக்கில் இம்முறையைப் பயன்படுத்தத் தொடங்கின. அதுவரை ஏறத்தாழ 14 நிமிடத்துக்கு ஒரு முறை கிடைத்த இடச்செய்தி இப்போது 8 வினாடிக்குள் கிடைத்தது. தக்க கருவிகள் உள்ள விமானங்களுக்கிடையே முன்பின் இடைவெளியை 40 கடல் மைலிலிருந்து 14 கடல் மைல் வரை குறைக்க முடிந்தது. இதனால் விமானிகள் சாதகமான காற்று வீசும் உயரத்தைக் கேட்டுப் பெறுவது எளிதாயிற்று, எரிபொருள் மிச்சமாயிற்று, புகையும் குறைந்தது.

பயனில் மிகச் சிறந்தது வேறொன்று. விமானம் ஒன்று காணாமற் போனால் அல்லது ஆபத்தில் சிக்கினால், அது கடைசியாகச் சொன்ன இடத்தை மீட்புப் பணியினர் கேட்டவுடன் கட்டணமின்றித் தரும் ஏற்பாடு ஒன்று உள்ளது. அது நடைபெறுவது அயர்லாந்தின் பாலிகிரீனில். விமானிகளின் குரலைக் கரகரப்பினூடே கேட்டெழுதிய அதே நிலையம்தான்.

ஆபத்துக் குரலைக் கேட்பவை

விபத்துக்குப் பிறகு உதவி கேட்கும் கருவியும் உண்டு. 1979இல் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் யூனியன் ஆகிய நான்கு நாடுகள் கூடி, ஆபத்துக் குறிகளைக் கேட்கும் செயற்கைக்கோள் திட்டமொன்றை வகுத்தன. 'கோஸ்பாஸ்-சார்சாட்' என்பது அதன் பெயர். 1982 செப்டம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பகுதியில் ஒரு சிறு விமானம் விழுந்தது. அதன் ஆபத்துக் குறியைக் கேட்டது, சில வாரங்களுக்கு முன் ஏவப்பட்ட ஒரு சோவியத் செயற்கைக்கோள். மூவர் காப்பாற்றப்பட்டனர். அமெரிக்க அணியும் சோவியத் அணியும் ஒன்றை ஒன்று ஏவுகணைகளால் மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது. மேலிருந்து கேட்கும் செவிக்கு, கீழே துடிப்பவர் எந்த நாட்டவர் என்ற வேறுபாடு இல்லை. இன்றுவரை 50,000க்கும் மேற்பட்டோரைக் காக்க இத்திட்டம் துணைநின்றுள்ளது. இந்தியாவும் இதில் பங்கு கொண்டுள்ளது; பெங்களூரில் இதற்கான நிலையம் இயங்குகிறது.

மலேசிய விமானத்தின் துயருக்குப் பின் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பும் விதிகளை இறுக்கியது. பெரிய விமானங்கள் கடல்வெளியில் 15 நிமிடத்துக்கு ஒரு முறையாவது கண்காணிக்கப்பட வேண்டும் என்ற விதி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜனவரி முதல் தகுதிச் சான்று பெறும் 27,000 கிலோவுக்கு மேற்பட்ட புதிய விமானங்கள், ஆபத்து நேர்ந்தால் யாரும் பொத்தானை அழுத்தாமலே நிமிடத்துக்கு ஒரு முறை தம் இடத்தை அறிவிக்க வேண்டும். கடலடியில் கறுப்புப் பெட்டி எழுப்பும் ஒலி 30 நாளுக்குப் பதில் 90 நாள் நீடிக்க வேண்டும். அட்டவணையிலுள்ள வட்டத்தை மறுபடி பாருங்கள். 15 நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு வந்தால் தேடும் பரப்பு 225இல் ஒரு பங்காகிறது.

பேசாதவரை யார் கேட்பது?

இவ்வளவு இருந்தும் ஒரு குறை நீங்கவில்லை. செவி எவ்வளவு கூர்மையானாலும், பேசாதவரின் இருப்பிடத்தை அது அறியாது. விமானத்தின் மின்சாரம் அற்றுப்போனால், அல்லது கருவியை ஒருவர் நிறுத்திவிட்டால், ஒலிபரப்பு நின்றுவிடும். எம்.எச். 370 மறைந்த நாளில் இரிடியம் செவிகள் எல்லாம் விண்ணில் இருந்திருந்தாலும், டிரான்ஸ்பாண்டர் மௌனமானபின் அவை ஒன்றும் கேட்டிருக்கமாட்டா. மேலும், விமானம் தன் இடமென்று சொல்வது ஜி.பி.எஸ். தந்த எண்ணையே. போர் நடக்கும் பகுதிகளின் அருகே பொய்யான ஜி.பி.எஸ். அலைகளைப் பரப்புகின்றனர். அப்போது விமானம் தன்னையறியாமலே தவறான இடத்தைக் கூவும். செவி அதையும் அப்படியே கேட்டுச் சொல்லும்.

நம் வங்கக் கடலே இதற்குச் சான்று. 2016 ஜூலை 22ஆம் நாள் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குச் சென்ற இந்திய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் கடலின் மேல் மறைந்தது. பெருந்தேடலிலும் தடயம் கிடைக்கவில்லை. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தன்னியக்க நீர்மூழ்கி எடுத்த படங்களில், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடப்பது 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஏழரை ஆண்டுகள்! அத்தனை ஆண்டும் அந்த 29 குடும்பங்களுக்கும் 'எங்கே?' என்ற ஒரு சொல்லே நாளாகவும் இரவாகவும் இருந்திருக்கும். கடல் வான்வெளியைக் கண்காணிப்பது எரிபொருள் கணக்கு மட்டுமன்று என்பதை இதைவிட எப்படி விளக்குவது?

முடிவாக

மாணவியரே, இந்தப் பாடத்தில் பிதாகரஸ் வந்தார், டாப்ளர் வந்தார், வட்டத்தின் பரப்பு வந்தது, அணு எண்ணும் வந்தது. தேர்வுக்காக மட்டும் படிக்கிறோம் என்று நாம் சலித்துக்கொள்ளும் பாடங்களே இவை. இவற்றைச் சரியாகக் கற்றவர்கள்தாம் ஓசையே இல்லாத விமானத்தின் ஒரு தட்டலிலிருந்து பூமியின் மேல் வில் வரைந்தார்கள். நாளை வங்கக் கடலின் மேலுள்ள வான்வெளியைக் காக்கும் சென்னைக் கட்டுப்பாட்டு நிலையத்தில் உங்களுள் ஒருத்தி அமரலாம். பேசாத விமானத்தையும் கண்டறியும் வழியை மற்றொருத்தி வகுக்கலாம். அந்தப் பணி இன்னும் முடியவில்லை, உங்களுக்காகவே காத்திருக்கிறது.

1920ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் லொரேத்தோ அன்னையை வான்பயணிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். பயணம் போகும் ஒவ்வொருவரும் வீடு வந்து சேரவேண்டும் என்ற வேண்டுதல் அதில் இருக்கிறது. நூறு ஆடுகளுள் ஒன்று காணாமற் போனபோது, தொண்ணூற்றொன்பதையும் விட்டு அதைத் தேடிப்போன ஆயரின் உவமையை நாம் அறிவோம். தொலைந்தது ஒன்றுதானே என்று அவர் இருந்துவிடவில்லை. எண்ணற்ற விமானங்கள் நலமாய்ப் போய்ச் சேரும் உலகில், போய்ச் சேராத அந்த ஒன்றுக்காக விண்ணிலே செவிகளை வைத்திருக்கும் அறிவியலும் அந்த ஆயரின் வழியில்தான் நடக்கிறது.